அவரையைக் களை என்று சொன்ன புரோகிராம்

போன வருஷம் எங்க டீமோட மினி ப்ராஜெக்ட், போட்டோவைப் பார்த்து பயிர் எது, களை எதுன்னு பிரிச்சுச் சொல்ற ஒரு புரோகிராம். நெட்ல கிடைச்ச படங்களை வச்சு ட்ரெய்ன் பண்ணினோம். லேப்ல அருமையா ஓடுச்சு. ஒரிஜினல் வயல் போட்டோ இருந்தா ரிவ்யூல மார்க் கூடும்னு கைடு சொன்னாங்க. உடனே டீம்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஏன்னா ஊர்ல நிலம் இருக்கிறது எனக்குத்தான். பென்னாகரம் பக்கம், மானாவாரி, ரெண்டு ஏக்கர் செவ்வல் மண்.

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் ராகிக் காட்டுல நின்னு ஐம்பது படம் எடுத்தேன். லேப்டாப்ல போட்டுப் பார்த்தா ராகி மேல எல்லாம் பச்சைக் கட்டம், சரியா இருக்கு. நடுவுல நேர் கோடா ஒரு சிவப்புக் கட்ட வரிசை. ஒவ்வொரு கட்டத்துக்கு மேலயும் 'களை' என்று எழுதியிருந்தது. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆயா எட்டிப் பார்த்தாங்க.

"டேய் கண்ணு, அது அவரைடா. நான் போட்டது. அதை ஏன்டா உன் மெசினு களைங்குது?"

என்கிட்ட பதில் இல்ல. புரோகிராமைப் பொறுத்தவரை புல் மாதிரி இருந்தா பயிர், அகல இலையா இருந்தா களை. நாங்க அப்படித்தான் அதுக்குக் கத்துக்கொடுத்திருந்தோம். அந்தப் பத்துப் பதினைந்து படத்தையும் போல்டரிலிருந்து தூக்கிட்டு மீதியை ரிவ்யூல காட்டினோம். நல்ல மார்க்கும் வந்துச்சு.

அந்த மார்க்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்குது. ஒரு ராகிக் காட்டுல அவரை எதுக்கு நிக்குதுன்னு கேட்காமலே அதை அழிச்சுட்டோம். நாங்க அழிச்சது படத்துல மட்டும்தான். நிஜ வயல்ல அந்த வேலை பல வருஷமாவே நடந்துக்கிட்டு இருக்கு. அதுல நம்ம துறைக்கும் பங்கு இருக்குங்கிறதுதான் நான் சொல்ல வர்றது.

அவரை அங்கே என்ன பண்ணுது?

தருமபுரிக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. ஆடியில் மழை விழுந்ததும் உழுது ராகி விதைப்பாங்க. சில சால் விட்டு ஒரு சால்ல அவரையோ துவரையோ போடுவாங்க. ஓரத்துல ரெண்டு வரிசை சோளம். எல்லை தாண்டிப் பெங்களூரு பக்கம் போனா கர்நாடக விவசாயிகள் இதையே 'அக்கடி சாலு' என்பார்கள். அந்த 'சாலு'ம் நம்ம உழவுச் சாலும் ஒண்ணுதான். மாநிலம் மாறினாலும் மண்ணும் மழையும் மாறாததால் பழக்கமும் மாறல.

இதைப் பாரம்பரியம், முன்னோர் ஞானம்னு சொல்லிக் கும்பிட்டுட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கும்பிடற எதையும் நாம கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டோம். ஆனா இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம், ஏன்னா அடிப்படையில் இது ஒரு டிசைன். மூணு விதமா வேலை செய்யுது.

முதலாவது, காலம். ராகி ஏறக்குறைய நாலு மாசப் பயிர். கார்த்திகை வாக்குல அறுத்துடலாம். நீண்ட வயதுத் துவரைக்கு ஆறு மாசம் ஆகும். முதல் ரெண்டு மாசம் துவரை மெதுவாத்தான் வளரும்; அந்த நேரம் வெளிச்சமும் இடமும் ராகிக்கு. ராகியை அறுத்த பிறகு காடு முழுக்கத் துவரைக்கு. ஒரே சர்வரில் பகலில் ஒரு வேலை, ராத்திரியில் இன்னொரு வேலை ஓட்டுற மாதிரி.

இரண்டாவது, ஆழம். ராகி வேர் மேல் மண்ணிலேயே சல்லிசல்லியாகப் பரவும். துவரைக்கு ஆணிவேர், கீழே இறங்கிப் போகும். மேலே இருக்கிற ஈரத்தை ஒண்ணு எடுக்க, கீழே இருக்கிறதை இன்னொண்ணு எடுக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சரியா நம்ம ஜோடியான ராகியையும் துவரையையும் எடுத்து இதில் ஒரு படி மேலே போனார்கள். துவரை ஆழத்து ஈரத்தை ராத்திரியில் மேலே இழுத்து விடுவதையும், வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இழைகள் வழியாக அதில் கொஞ்சம் ராகிக்குப் போய்ச் சேர்வதையும் தொட்டிச் சோதனைகளில் காட்டினார்கள். இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து பெங்களூரிலும் நம்ம கொல்லிமலையிலும் வயல் சோதனையும் நடத்தினார்கள். தொட்டியில் நடப்பது அப்படியே வயலில் நடந்துவிடாது. அங்கே ரெண்டு பயிருக்கும் தண்ணிக்குப் போட்டியும் இருக்கும். ஆனாலும் பாசல்காரர்கள் ஆராய வேண்டிய அளவுக்கு விஷயம் நம்ம காட்டில் இருக்குங்கிறதைக் கவனிங்க.

மூன்றாவது, தழைச்சத்து. இது நாம பள்ளிக்கூடத்துலயே படிச்சது: பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா இருக்கும், அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். கெமிக்கல் இன்ஜினியரிங் நண்பர்களுக்கு இதன் அருமை நல்லாத் தெரியும். அதே நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற ஹேபர்–பாஷ் ஆலையில் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேணும். அவரை வேர் அதைச் செவ்வல் மண்ணின் சூட்டிலேயே முடிச்சுடுது.

இங்கே ஒரு தவறான புரிதலையும் சொல்லிடறேன், ஏன்னா இயற்கை விவசாய வீடியோக்களில் இது அதிகம். அவரை நைட்ரஜனைப் பிடிச்சு அதே பருவத்துல ராகிக்கு ஊட்டி விடாது. பிடிச்சதில் பெரும்பகுதியைத் தானே பயன்படுத்திக்கும். நடக்கிறது வேற: மண்ணில் இருக்கிற தழைச்சத்துக்கு அவரை அதிகம் போட்டி போடாததால் அது ராகிக்கு மிச்சமாகுது. அவரையின் உதிர்ந்த இலையும் வேரும் மக்கி, அடுத்த பயிருக்கு உதவுது. அதனால் உரமே வேண்டாம் என்பது மிகை. உரச் செலவு குறையும் என்பதுதான் சரி.

கணக்கு என்ன சொல்லுது?

ஊடுபயிரின் லாபத்தை அளக்க ஒரு அளவுகோல் இருக்கு. நிலச் சமான விகிதம்னு சொல்லலாம். சேர்த்துப் போட்டதில் கிடைத்த ராகியைத் தனியாகப் போட்டால் கிடைக்கும் ராகியால் வகுக்கணும், துவரைக்கும் அதே மாதிரி, ரெண்டையும் கூட்டணும். ஒன்றுக்கு மேல் வந்தா லாபம்.

புரியறதுக்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ஏக்கரில் ராகி மட்டும் போட்டால் 10 குவிண்டால், துவரை மட்டும் போட்டால் 5 குவிண்டால் என்று வையுங்க. எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை என்ற கணக்கில் சேர்த்துப் போட்டு (பெங்களூரு பக்கத்து மானாவாரி ஆய்வுகள் பரிந்துரைக்கும் அளவு இது) ராகி 8.5, துவரை 2 குவிண்டால் எடுத்தால், 0.85 + 0.40 = 1.25. அதாவது ஒரு ஏக்கர், ஒண்ணேகால் ஏக்கர் வேலையைச் செஞ்சிருக்கு. 2024-25 பருவத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை ராகிக்கு 4,290 ரூபாய், துவரைக்கு 7,550 ரூபாய். ராகி மட்டும் என்றால் 42,900. சேர்த்துப் போட்டால் 51,565. அந்த விலை எல்லார் கைக்கும் வந்து சேருதாங்கிறது வேற பஞ்சாயத்து. ஆனா எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுது இல்லையா?

என்னை நிஜமாவே ஆச்சரியப்பட வைத்தது இன்னொரு கணக்கு. ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தில் ராவ், வில்லி என்ற இருவர் சோளம்–துவரை ஊடுபயிர் பற்றிய 94 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக அலசி 1980-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி 'எவ்வளவு விளையும்' என்பதல்ல, 'எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணைக் கவ்வுவோம்' என்பது. குறிப்பிட்ட ஒரு வருமானத்துக்குக் கீழே போனால் அது தோல்வி என்று வைத்துக்கொண்டால், துவரை மட்டும் போட்டவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தோற்கிறார். சோளம் மட்டும் போட்டவர் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை. இரண்டையும் சேர்த்துப் போட்டவர் முப்பத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை.

ரிலையபிலிட்டி பேப்பர் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டணும். ஐந்தில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் பெருக்கினா நாற்பதில் ஒன்று. ஒன்றையொன்று சாராத இரண்டு பாகங்களை இணையாகப் போட்டால் வரும் விடைக்கு முப்பத்தாறு எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க! ஆனா ஒரே காட்டில் ஒரே வறட்சியைச் சந்திக்கும் ரெண்டு பயிர் ஒன்றையொன்று சாராதவை கிடையாது. பிறகு எப்படி இவ்வளவு நெருங்குது? ஒரு பயிர் அடி வாங்கினா, அது விட்ட ஈரத்தையும் வெளிச்சத்தையும் மற்றது எடுத்துக்குது. ஒரு பாகம் பழுதானா இன்னொரு பாகம் அதன் சுமையையும் சேர்த்துத் தூக்குற அமைப்பு. இதைத்தானே நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கிறோம்?

முப்பத்தாறு வருஷம் என்பது ஒரு விவசாயியின் வாழ்நாள் உழைப்பு. அத்தனை காலத்தில் ஒரு தடவை கடன் வாங்குவதற்கும் ஏழு தடவை கடன் வாங்குவதற்கும் உள்ள தூரத்தை யோசிச்சுப் பாருங்க. நம்ம மாவட்டத்திலிருந்து ஓசூர், பெங்களூரு, திருப்பூர்னு கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் கிளம்புறவங்க நிறைய பேர் அந்தத் தோத்த வருஷத்துல கிளம்பினவங்கதான். எங்க அப்பாவும் அப்படிக் கிளம்பினவர்தான்.

அப்புறம் ஏன் விட்டாங்க?

எங்க வீட்டிலேயே அவரை இப்போ ஆயாவின் பிடிவாதத்துல நிக்குது. அப்பா அதை எடுத்துடலாம்னு மூணு வருஷமா சொல்றார். அறியாமையால அவர் அப்படிச் சொல்லல. அவர் சொல்ற காரணங்களைக் கேளுங்க.

முதல் காரணம் களை. முன்னெல்லாம் பத்துப் பேர் களைக்கொத்தோட இறங்குவாங்க. இப்போ ஆள் கிடைக்காது, கிடைச்சாலும் கூலி கட்டாது. ராகிக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடிக்கலாம். அது புல் வகையை விட்டுட்டு அகல இலைச் செடியை மட்டும் கொல்லும். அவரைக்கும் அகல இலைதான். மருந்து அடிச்சா அவரை காலி. அவரை வேணும்னா ஆள் வச்சுக் களை எடுக்கணும். எங்க புரோகிராம் போட்ட அதே சிவப்புக் கட்டத்தை அந்த மருந்து நிஜத்துல போடுது.

இரண்டாவது அறுவடை. கார்த்திகையில் ராகிக் கதிரை அறுக்கும்போது நடுவில் துவரை பச்சையாக நிக்கும். எந்திரம் உள்ளே இறங்கினா துவரையையும் சேர்த்து வாரிக்கும். கையால் அறுக்கணும்னா மறுபடி ஆள் பிரச்சினை.

மூன்றாவது ஆடு. ராகி அறுத்ததும் ஊரே ஆடு மாடுகளைத் தாள் மேய அவிழ்த்து விடும். பத்து வீட்டுக்காரங்க துவரை போட்டிருந்தா எல்லாரும் தை வரைக்கும் கட்டி வைப்பாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் போட்டா ஊர் ஆடு மொத்தமும் உங்க காட்டுக்குத்தான் வரும். மலையடிவாரமா இருந்தா காட்டுப்பன்றிக்கும் சேர்த்துக் காவல் இருக்கணும்.

இதுல எந்தக் காரணமாவது "பயிர் விளையாது" என்பதா? ஒண்ணும் இல்ல. மூணும் ஆள், கருவி, ஊர்க்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டவை. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. பக்கத்து மாவட்டத்துல பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. விதை பற்றியும் இடைவெளி பற்றியும் கேட்டால் சொல்ல அங்கே ஆள் இருக்காங்க. ஆனா ரெண்டு விதையைச் சரியான வரிசையில் போடும் கருவியையும், ஒரு பயிரை அறுத்து இன்னொன்றை விட்டுவைக்கும் கருவியையும் வேளாண்மை படித்தவர்கள் மட்டுமே செய்துவிட முடியாது. அது மெக்கானிக்கல்காரர் வேலை, எலக்ட்ரானிக்ஸ்காரர் வேலை, கோட் எழுதுறவங்க வேலை.

எந்திரத்துக்காக வயலா, வயலுக்காக எந்திரமா?

"காலம் மாறிடுச்சு, எந்திர யுகத்துல கலப்புப் பயிர் நடக்காது"ன்னு ஹாஸ்டல்ல ஒரு நண்பன் வாதம் பண்ணினான். மதிப்பான வாதம்தான். ஆனா சீனாவைப் பாருங்க. அங்கே மக்காச்சோளமும் சோயாவும் பட்டை பட்டையாகச் சேர்த்துப் போடும் முறையை 2022-லிருந்து அரசே பெரிய அளவில் கொண்டுபோகுது. சோயா வரிசைக்குள் நுழைந்து வெளியே வரும் ஒல்லி உடம்பு அறுவடை எந்திரங்களும், ரெண்டு விதையை ஒரே ஓட்டத்தில் போடும் விதைப்பான்களும் அதுக்காகவே செஞ்சாங்க. அதாவது, எந்திரம் நுழையலைன்னு அவங்க சோயாவைப் பிடுங்கிப் போடல. எந்திரத்தை இளைக்க வச்சாங்க.

நாம என்ன செய்யறோம்? நம்ம காலேஜ்களில் வருஷா வருஷம் வர்ற 'ஸ்மார்ட் அக்ரிகல்ச்சர்' ப்ராஜெக்ட்களை எண்ணிப் பாருங்க. மண் ஈர சென்சார், ஒரு மோட்டார், மொபைல்ல ஒரு ஆப். எங்க சீனியரும் அதே, நாங்களும் கிட்டத்தட்ட அதே. எல்லாத்துக்கும் அடியில சொல்லாத ஒரு அனுமானம் இருக்கு: வயல்னா ஒரே பயிர்தான். மானாவாரிக் காட்டுல மோட்டாரே கிடையாதுங்கிறது கூட நமக்கு உறைக்கல.

இந்தக் காட்டை விட்டுட்டா என்ன போயிடும்னு கேட்கலாம். உலகத்துலயே அதிகமாப் பருப்பு விளைவிக்கிற நாடு நம்மது. அப்படியும் போதாம மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் துவரை இறக்குமதி ஆகுது. அந்தத் துவரை வளர இடம் இல்லாம இல்ல, ராகி வரிசைக்கு நடுவுலயே இருக்கு. 2023 மே மாதம் ரேஷனில் அரிசிக்குப் பதில் மாதம் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நம்ம தருமபுரியிலும் நீலகிரியிலும்தான். ராகிக்கு இப்போ மதிப்பு திரும்புது, சந்தோஷம். ஆனா ராகி மட்டும் தனியா விளையுற காட்டை வச்சு அதைக் கொண்டாடினா பாதிதான் திரும்பி வந்திருக்கு. களிக்குத் தொட்டுக்க அவரைக்கொட்டைக் குழம்போ பிதுக்கம்பருப்போ வேணும்னு நாக்குக்கே தெரியும். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் இருக்குன்னு புத்தகமும் சொல்லுது.

அதனால, இதைப் படிக்கிற உங்ககிட்ட நான் கேட்கிறது இவ்வளவுதான். அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்பு யோசிக்கும்போது இந்த மூணுல ஒண்ணை எடுங்க.

ஒண்ணு, ரெண்டு விதைப்பெட்டி வச்ச சின்ன விதைப்பான். ராகி விதை கடுகை விடச் சின்னது, துவரை மிளகை விடப் பெருசு. ரெண்டையும் வேற வேற ஆழத்துல, வேற வேற இடைவெளியில, எட்டுக்கு ரெண்டு வரிசையா ஒரே ஓட்டத்துல போடணும். விலை ஒரு சிறு விவசாயி வாடகைக்கு எடுக்கிற அளவுல இருக்கணும். யோசிச்சுப் பாருங்க, சுலபமான கணக்கு இல்ல.

ரெண்டு, வரிசைக்கு நடுவே மட்டும் களை எடுக்கும் கையால் தள்ளும் கருவி அல்லது சின்ன மோட்டார் கருவி. 2,4-டி தேவையில்லாம போச்சுன்னா அவரையை எடுக்கணும்கிற முதல் காரணமே அடிபட்டுப் போயிடும்.

மூணு, கலப்புப் பயிர் வயல்களின் படத் தொகுப்பு. இதுக்குப் பணமே வேண்டாம். ஆடியிலிருந்து தை வரைக்கும் ஊருக்குப் போகும்போதெல்லாம் போட்டோ எடுங்க. எது ராகி, எது அவரை, எது துவரை, எது நிஜக் களைன்னு வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு லேபிள் போடுங்க.

மூணாவதை நாங்க ஆரம்பிச்சுட்டோம். இந்த வருஷம் லேபிள் போடுறது எங்க ஆயாதான். போட்டோவைப் பெருசாக்கிக் காட்டினா போதும், "இது அவரை, இது தொய்யக்கீரை, அதைப் பிடுங்காத, கடைஞ்சு தின்னலாம்"னு சொல்லிக்கிட்டே போறாங்க. எங்க கோட்ல இருந்தது ரெண்டே ரெண்டு வகை, பயிர், களை. 'களைதான், ஆனா தின்னலாம்'னு மூணாவதா ஒரு வகையை இப்போ சேர்த்திருக்கோம்.

நிலம் இல்லாதவங்களும் ஒரு வேலை செய்யலாம். புரட்டாசி, ஐப்பசியில் தெரிஞ்சவங்க காட்டுக்குப் போய், கேட்டுட்டு ஒரே ஒரு அவரைச் செடியை வேரோட தோண்டி எடுங்க. வேரில் உருண்டையா இருக்கும் முடிச்சு ஒண்ணை நகத்தால் கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா அங்கே நைட்ரஜன் வேலை நடக்குதுன்னு அர்த்தம். நம்ம ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்தைத் தருது. அதைப் பார்த்துட்டு வந்து உங்க ப்ராஜெக்ட் தலைப்பை எழுதுங்க.

தை மாசம் எங்க காட்டு அவரை காய்க்கும். அப்பா இந்த வருஷமும் "அடுத்த தடவை வேண்டாம்"னு சொல்லிட்டுத்தான் இருக்கார். அடுத்த ஆடிக்குள்ள அந்தக் களைக் கருவியோட முதல் மாடலையாவது அவர் கையில கொடுக்கணும்னு எங்க டீம் முடிவு பண்ணியிருக்கு. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல இருந்து ரெண்டு பேர் வேணும். வர்றீங்களா?